ஈயலம்பத்தின் மேல் ஒரு கற்பூரக் காடு

"மாமா, மிருகமெல்லாம் எங்க?"

அக்கா மகனுக்கு ஏழு வயது. கெப்போங் வன ஆய்வுக் கழகத்துக்குள் நாங்கள் நுழைந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் அவன் கண்ணில் பட்டவை நீள்வால் குரங்குக் கூட்டம் ஒன்று, இரண்டு அணில்கள், ஓடையோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓர் உடும்பு. காட்டுக்குப் போகிறோம் என்று முதல் நாள் இரவே சொல்லி வைத்திருந்தோம். தொலைக்காட்சியில் பார்த்த சஃபாரியை மனத்தில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். காடிக்குள் உட்கார்ந்தால் போதும், சன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் சிங்கமும் தானாக வரும் என்று நினைப்பு.

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும் கோலாலம்பூர்க் குடும்பங்கள் பலவற்றிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அவன் நின்றுகொண்டிருந்த இடம் நூறு ஆண்டுகளுக்கு முன் காடாகவே இல்லை. மிருகம் எங்கே என்று தேடுவதற்கு முன் அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று தெரிந்துகொண்டால், அங்கே எதைப் பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தானாக விளங்கும்.

நடைபாதை ஓரம் மழைநீர் அரித்த ஒரு சரிவு இருந்தது. மேலே இரண்டு விரல் அளவுக்கு மட்கிய இலை, கறுப்பு. அதற்குக் கீழே கொஞ்சம் பழுப்பு மண். அதற்கும் கீழே வெளுத்த மணல். கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடுகிறது, ஈரமே ஒட்டவில்லை. நகரத்திலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளி, கடலே இல்லாத இடத்தில், மலையடிவாரத்தில் எதற்குக் கடற்கரை மணல்?

ஈயம் தோண்டிய நிலத்தின் அடையாளம் அது. நம் பெரியவர்கள் ஈயலம்பம் என்பார்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் கோலாலம்பூர் என்ற ஊர் உண்டானதே 1857-ல் அம்பாங் பக்கம் ஈயம் தேடிப் போன 87 சீனத் தொழிலாளர்களால்தான். வெள்ளீயத் தாது தண்ணீரைவிட ஏறக்குறைய 7 மடங்கு கனம். மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் அந்தத் தொழிலே நடந்தது. நிலத்தின் மீது தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மண்ணைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைப் பம்பு வைத்து மேலேற்றி, பாலோங் என்ற நீண்ட மரவாய்க்காலில் ஓட விடுவார்கள். கனமான ஈயம் குறுக்குச் சட்டங்களில் தங்கிவிடும், மற்றதெல்லாம் வழிந்து ஓடும். முதலில் மணல் படியும், கடைசியில் குட்டையில் போய்க் களிச்சேறு தேங்கும். மண்ணில் உயிர் இருப்பது களியும் மட்கும் மணலும் கலந்திருப்பதால். அந்தக் கலவையைத்தான் பாலோங் தனித்தனியாகப் பிரித்துப் போட்டது. மிஞ்சிய மணலில் தண்ணீர் நிற்காது, உரம் நிற்காது, நண்பகலில் மேற்பரப்பு 40 பாகை செல்சியசைத் தாண்டிச் சுடும். ஓர் இளங்கன்றின் வேர் அதில் அன்றைக்கே வெந்துவிடும்.

தீபகற்ப மலேசியாவில் இப்படிப் பாழாய்ப்போன நிலம் ஒரு லட்சம் ஹெக்டருக்கும் மேல். தித்திவங்சா ஏரி பழைய ஈயக்குட்டை. சுங்கை பீசியில் உல்லாச நகரமாக இருக்கும் மைன்ஸ், ஹொங் ஃபாட் என்ற திறந்தவெளிச் சுரங்கம். 1985-ல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை விழுந்த பிறகு எஞ்சிய சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடின. அந்த நிலங்களில் பெரும்பகுதி வீடமைப்பானது, கொஞ்சம் காய்கறித் தோட்டமானது, மற்றது லாலாங் புல் மூடிக் கிடந்தது.

கெப்போங்கின் கதை இதற்கெல்லாம் முந்தியது. 1926-ல் வன ஆய்வுக்கென்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஃபாக்ஸ்வொர்தி என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். பெரிய மரம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ஈயம் தோண்டிய பள்ளங்கள், காய்கறிப் பாத்திகள், புதர், லாலாங். நல்ல காடு இருக்கும் இடத்தில் ஆய்வுக் கூடம் கட்டுவதுதான் எளிது. கெட்டுப்போன நிலத்தில் காட்டை எழுப்ப முடியுமா என்று பார்க்கவேண்டும் என்றால் கெட்ட நிலத்துக்குத்தான் போகவேண்டும். 1929-ல் ஆய்வுக் கழகம் முறையாகத் தொடங்கியது. 1985-ல் தன்னாட்சி அமைப்பாகி, ஃப்ரிம் என்று இன்று நாம் அழைக்கும் பெயரைப் பெற்றது.

காட்டை நடுவது ரப்பர் நடுவதைப்போல் இல்லை. என் தாத்தா கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் காடுவெட்டு வேலைக்கு வந்தவர். நெருப்பு வைத்து, கட்டை பிடுங்கி, நிரை பிடித்து, பால்மரக் கன்று நட்டால் ஏழு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும் என்பார். மழைக்காட்டின் பெருமரங்கள் அந்தக் கணக்குக்கு அடங்காதவை. மெராந்தி, கபூர், கெருயிங் போன்றவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று காடு முழுக்க ஒரே பருவத்தில் பூத்துக் கொட்டும். அந்த விதையை நெல்லைப்போல் குதிரில் சேமிக்கவும் முடியாது. காய்ந்தால் செத்துவிடும், விழுந்த சில வாரங்களுக்குள் முளைத்தாகவேண்டும். விதைக்கு இறக்கை உண்டு. ஆனாலும் சுழன்று சுழன்று தாய்மரத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் விழுகிறது, காதக் கணக்கில் பறந்துபோவதில்லை. அதனால் பக்கத்தில் தாய்மரம் இல்லாத வெற்று நிலத்துக்கு இந்தக் காடு தானாக வரவே வராது. ஆள் போய்ச் சுமந்து கொண்டுவர வேண்டும்.

கொண்டுவந்தாலும் வெயிலில் நட முடியாது. இந்த மரங்களின் குழந்தைப்பருவம் நிழலில் கழியவேண்டியது. எனவே முதலில் வேகமாக வளரும் மரங்களை வைப்பார்கள். நிலத்தில் நைட்ரஜனைச் சேர்க்கும் அவரைக்குடும்ப மரங்கள் இதற்கு உகந்தவை. அவை நிழல் தந்து, இலை உதிர்த்து, மணலைக் குளிர்வித்த பிறகு அவற்றின் காலடியில் காட்டுமரக் கன்றுகளை வைப்பார்கள். பிள்ளை நிமிர்ந்ததும் செவிலித்தாய் விலகிக்கொள்வதுபோல் நிழல்மரத்தை மெல்ல மெல்லக் கழிப்பார்கள். பேராக் பீடோரில் ஈயமணல் மீதே ஃப்ரிம் நடத்தும் நிலையத்தில் இன்றும் இந்த வேலை நடக்கிறது. லாலாங்கும் நிழலைக் கண்டால்தான் ஒடுங்கும். வெட்டினால் தண்டுக்கிழங்கிலிருந்து மறுபடி வரும். தீ வைத்தால் இன்னும் அடர்த்தியாக வரும், தீ அதற்கு உரம் மாதிரி.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கபூர் தோப்புக்குள் வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். நெடுநெடுவென்று நேராகப் போன மரங்கள். உச்சியில் ஒரு மரத்தின் தழை இன்னொன்றைத் தொடவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி வானம் விட்டு, ஆற்றுக் கிளைகளைப் படத்தில் வரைந்ததுபோல் வெளிச்சம் ஓடுகிறது. காற்றில் உரசி முறிவதால் இந்த இடைவெளி என்று முன்பு சொல்லி வந்தார்கள். 1970-களில் இதே தோப்பில் ஆராய்ந்தபோது உரசிய தடம் ஒன்றும் கிடைக்கவில்லை. அண்டை மரத்தின் நிழலை உணர்ந்து நுனிக்கொழுந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்ற விளக்கம் அங்கிருந்துதான் வந்தது.

கீழே விழுந்து கிடந்த ஓர் இலையைக் கசக்கி அம்மாவிடம் நீட்டினேன். மோந்து பார்த்தார். முதலில் மண்ணெண்ணெய் மாதிரி என்றார். கொஞ்சம் பொறுத்து, "டேய், சாமி ரூம் வாசம்டா" என்றார்.

கபூர் என்றால் கற்பூரம்தான். இன்று கடையில் வாங்கும் சூடன் ஆலையில் செய்தது. ஆலை வருமுன்பு தமிழர் கடல் கடந்து வந்து வாங்கிப்போன உயர்ந்த கற்பூரம் இந்த மரத்தின் வயிற்றில் விளைந்தது. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்று ஓர் ஊர். அதற்குப் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டியது. அதில் ஊரின் பெயர் வரோசு. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்கும்போது வாரோசு என்று ஒன்றைச் சொல்கிறாரே, அது இந்த ஊர்ச் சரக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன் நம்மவர்கள் கப்பலேறித் தேடிப்போன மரம், கோமூட்டர் ரயிலில் கெப்போங் சென்ட்ரலில் இறங்கிப் போகும் தூரத்தில், ஈயமணல் நிலத்தில் நிற்கிறது. தீபாராதனை காட்டும் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் இந்த மரத்தைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் காட்டை உலக மரபிடமாக அறிவித்தது. மனிதர் நட்டு வளர்த்த காடு என்பதால் இயற்கைப் பிரிவில் சேர்க்காமல் பண்பாட்டுப் பிரிவில் சேர்த்தார்கள். கோயிலுக்கும் கோட்டைக்கும் கிடைக்கும் இடம் ஒரு காட்டுக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது.

சரி, மருமகனின் கேள்விக்கு வருவோம்.

ஆப்பிரிக்கச் சஃபாரியில் ஒரு காலைப்பொழுதில் நூறு மிருகம் பார்க்கிறோம் என்றால், அங்கே உணவு தரையில் இருக்கிறது. புல்வெளியில் சாப்பாடு முழங்கால் உயரத்தில் விரிந்து கிடக்கிறது. வரிக்குதிரையும் மானும் அங்கே மேய்கின்றன, அவற்றைத் தேடிச் சிங்கம் வருகிறது, மறைப்பு இல்லாததால் நமக்கும் தெரிகிறது. அங்கேயும் எல்லாம் தொன்றுதொட்டு வந்த வனம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க் ஒரு காலத்தில் பண்ணை நிலம். 1979-ல் வேலிகளையும் கட்டடங்களையும் அகற்றி, சுற்றிப் புதுவேலி போட்டு, ஏறத்தாழ 6,000 விலங்குகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். புல் சில பருவங்களில் மீண்டுவிடும், மேய்ச்சல் விலங்கு மறுவருஷமே குட்டி போடும். அதனால் அங்கே மீட்பு என்பதை ஒரு தலைமுறைக்குள் கண்ணால் பார்த்துவிடலாம்.

மழைக்காட்டில் சோறு மாடியில் இருக்கிறது. இலையும் பழமும் 30, 40 மீட்டர் உயரத்தில். தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் மிகக் கொஞ்சம், அங்கே முளைப்பதும் கொஞ்சம். ஆகவே நம் காட்டின் கூட்டம் மேலே குடியிருக்கிறது, குரங்கு, அணில், இருவாய்ச்சி, வௌவால் என்று. தரையில் நடக்கும் பெரிய விலங்குகள் எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொன்றுக்கும் பெரும் பரப்பு வேண்டும், இருட்டில் நடமாடும். பஹாங் தாமான் நெகாராவில் மிருகம் பார்க்க விரும்புகிறவர்கள் காடியில் சுற்றுவதில்லை. உப்புமண் இருக்கும் ஜெனுட் என்ற இடத்துக்கு எதிரே, பும்புன் என்ற மறைகுடிலில் இரவெல்லாம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். செலாடாங் என்கிற காட்டுமாடும் மானும் தாப்பிரும் உப்புக்காகவும் அங்குள்ள திறந்த புல்லுக்காகவும் அந்த இடத்துக்கு வரும். வராமலும் போகும். மழைக்காட்டுச் சஃபாரி என்று ஒன்று இருந்தால் அதுதான்.

கெப்போங்கில் புலி ஏன் இல்லை என்பதற்கு இதைவிட வலிக்கும் பதில் உண்டு. மரத்தை நட்டுவிடலாம். புலி நடந்து வர வழி வேண்டும். ஃப்ரிம்முக்குப் பின்னால் புக்கிட் லாகோங் வனம் இருக்கிறது, மற்றப் பக்கங்களில் நெடுஞ்சாலையும் வீடுகளும். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க மலாயாப் புலி 150-க்கும் குறைவு என்று தெரியவந்தது. சுமத்திரா காண்டாமிருகம் 2019-ல் மலேசிய மண்ணிலிருந்து முற்றிலும் போய்விட்டது. எத்தனை லட்சம் கன்று நட்டாலும் அது திரும்பாது. எஞ்சியிருப்பவற்றுக்காக, துண்டு துண்டாகிப்போன காடுகளை இணைக்கும் மத்திய வன முதுகெலும்புத் திட்டம் வகுக்கப்பட்டது. கிரிக் பக்கம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் யானைகள் கீழே நடந்து போகும்படி சாலையைப் பாலமாகத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். காட்டை மீட்பதில் பாதி வேலை மரம் நடுவது, மறுபாதி ரோட்டைத் தூக்குவது.

இதில் நம்மில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. மரம் நட்டாலே இயற்கை மீண்டுவிடும் என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டுக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஊட்டிக்குப் போய்வருவார்கள். அங்கே கதை தலைகீழ். நீலகிரி உச்சியில் இயற்கை வைத்தது சோலைக்காடும் புல்வெளியும். பள்ளத்தாக்கு மடிப்புகளில் சோலை, மேட்டில் புல். வரையாடு மேய்வதும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வெள்ளைக்காரர்கள் அதைத் தரிசென்று எண்ணி, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைலமரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். இன்று அங்கே மீட்பு வேலை என்றால் அந்த மரங்களை அகற்றிப் புல்லைத் திரும்பக் கொண்டுவருவது. நீலகிரியில் புல் மூத்த குடி. கெப்போங்கில் லாலாங் காயத்தின் மேல் வந்த பொருக்கு. பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அந்த மண்ணுக்கு உரிய பச்சையா என்று பார்க்கவேண்டும்.

பிள்ளைகளுக்குப் பெரிய விலங்கு காட்டியே தீரவேண்டும் என்றால், டெங்கில் பக்கம் பாயா இண்டா சதுப்புநிலத்துக்குப் போகலாம். அதுவும் பழைய ஈயக்குட்டைகள்தான். அங்கே குட்டைகளைத் தூர்க்காமல் ஏரிகளாக விட்டு, தாமரையும் கோரையும் வளரவிட்டார்கள். நாரைகளும் ஊதாத் தாழைக்கோழிகளும் தாமாக வந்து குடியேறின. நீர்யானையும் அங்கே உண்டு, ஆனால் அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி, வேலிக்குள் இருக்கிறது. தானாக வந்ததையும் கொண்டுவந்து வைத்ததையும் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லிக் காட்டினால் அந்த ஒரு நாளிலேயே அவர்கள் நிறையக் கற்றுக்கொள்வார்கள்.

ஒருமுறை வேறோர் இடத்துக்குக் குடும்பத்தோடு போனோம், பெயர் வேண்டாம். சஃபாரி என்று பலகை போட்டிருந்தார்கள். லாலாங் மண்டிய மேட்டில் ஒரே ஒரு நிழல்மரம், அதனடியில் மூச்சிரைக்க நின்றன நான்கு மான்கள். அத்தனை வெள்ளி கட்டி வந்தோமே என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அன்றைக்கு முழுதும் சோறு இறங்கவில்லை. நிழல் இல்லாத இடத்தில் நிழலுக்குரிய உயிரை நிறுத்தி வைப்பதைக் காடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தர நாம் உடன்படக் கூடாது.

கெப்போங்குக்குப் போகிறவர்கள் விடிந்ததும் போய்விடுங்கள். பசியாறிவிட்டுப் பத்து மணிக்குப் போனால் பறவைகள் அடங்கியிருக்கும். மழை பெய்த மறுநாள் அட்டை ஏறும், நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். குரங்குக்கு ரொட்டியும் முறுக்கும் நீட்டாதீர்கள். சாப்பாடு கையில் கிடைத்துவிட்டால் அது காட்டுக்குள் பழம் தின்று கொட்டை போடும் வேலையை விட்டுவிடும், நாளைக்கு ஒரு பிள்ளையின் கையையும் கடிக்கும். முக்கியமாக, ஓரிடத்தில் கால்மணி நேரம் பேசாமல் நில்லுங்கள்.

நாங்கள் நின்றோம். அம்மா பெஞ்சில், நானும் அவனும் கபூர் மரத்தடியில். ஐந்து இறக்கை கொண்ட பழைய காய்க்கூடு ஒன்று அவனுக்கு அகப்பட்டது. பக்கத்தில் ஒரு சாண் உயரத்தில் இரண்டு இலை விட்ட கன்று. இது யார் நட்டது என்று கேட்டான். யாரும் நடவில்லை, மேலே இருக்கிற மரத்தின் பிள்ளை என்றேன். இன்னொன்று, அதற்கு அப்பால் இன்னொன்று. குந்தி உட்கார்ந்து எண்ணத் தொடங்கினான். நாற்பத்து மூன்று வரை எண்ணியபோது தலைக்கு மேலே கிளை சலசலத்தது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருமந்தி ஒன்று இலை பறித்துத் தின்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி.

"மாமா," என்றான், குரலைத் தாழ்த்தி, "பாட்டியக் கூப்புடாதீங்க, சத்தம் போடும்."